பல் அறைச் சிரட்டைகள்

அவருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்பதில்லை. பல்தான் நின்றது.

சந்தையில் யாரையாவது கண்டால், "மேல்கடைவாய்தானே நீங்கள்? காயம் ஆறிட்டுதோ?" என்பார். ஒருமுறை பஸ் நிலையத்தில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வந்து அவருடன் கதைத்தார். ஊர்ப் புதினம், மழை, அறுவடை என்று கதை நீண்டது. இவர் ஆள் யாரென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டே நின்றார். அந்தப் பெண் எதற்கோ சிரித்தார். உடனே இவர் முகம் மலர்ந்து, "ஓ, முன்பல்லு! உடைஞ்ச முன்பல்லெல்லே நீங்கள்!" என்றார். பெண் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு அவர் சிரிக்கவேயில்லை.

கண்டி வீதியோரமாக, ரயிலும் நிற்கும் ஒரு வன்னி ஊரின் சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் அற்றென்டன்ற், பல் அறைக்குப் பொறுப்பான உதவிப் பெண். ஐம்பதுகளின் கடைசி அது. நான் அப்போது வவுனியாவில் அறை எடுத்துத் தங்கி, கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம், அவருடைய பெயரும் வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

அந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாகப் பல் டாக்குத்தர் கிடையாது. ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து காலை ரயிலில் ஒருவர் வருவார். பின்னேர ரயிலில் திரும்பிவிடுவார். இடைப்பட்ட நேரத்துக்குள் குடியேற்றத் திட்டத்து வயல்களிலிருந்தும், காட்டோரக் கிராமங்களிலிருந்தும், சில நாட்களில் புதுக்குடியிருப்பிலிருந்தும்கூட வீங்கிய கன்னங்கள் வந்து வரிசையில் நிற்கும். சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான்: பிடுங்குவது.

அறையில் ஓர் இரும்புக் கதிரை, இரண்டு தொகுதிக் குறடுகள், இரண்டு கண்ணாடி ஊசிக்குழாய்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மூடியுள்ள நீளமான தகரப் பெட்டி ஒன்று. பெட்டியில்தான் எல்லாம் அவியும். ஒரு தொகுதி வேலையில் இருக்கும்போது மற்றது கொதிதண்ணீரில் கிடக்கவேண்டும். டாக்குத்தருக்கோ கை வேகம். அவர் ஒரு தொகுதியை முடித்துவிட்டுத் திரும்பும்போது மற்றது இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கும். அங்கேதான் அவர் வரும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சண்டை.

அந்த அறையில் மணிக்கூடு இல்லை. வேண்டுமென்று எழுதிக் கேட்டும் வரவில்லை. அவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர். ஐந்து பத்து மணிகள் கொண்ட ஒரு முழுச் செபமாலை சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும் என்று எப்போதோ கணக்குப் பார்த்து வைத்திருந்தார். தண்ணீர் கொதித்து மூடி ஆடத் தொடங்கியதும் கை இடுப்பில் செருகியிருந்த மாலைக்குப் போகும். உதடுகள் அசையத் தொடங்கும். நடுவில் யாராவது ஒரு குறட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அவர் கோபிப்பதில்லை. மாலையை முதல் மணிக்குத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதான்.

"இப்ப எங்கை நிக்கிறீர்?" என்று டாக்குத்தர் கேட்பார்.

"மூண்டாம் பத்திலை ஐயா."

"கொஞ்சம் கெதியாச் சொல்லுமன். ரயிலெல்லே போகப்போகுது."

"கெதியாச் சொன்னாலும் மாதாவுக்குக் கேக்கும் ஐயா. தண்ணிக்குக் கேளாது."

பிற்காலத்தில் ஒருநாள், மணிக்கூடு வந்தால் சுகமாயிருக்கும் அல்லவா என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வந்தால் கரைச்சல்தான். பதினைஞ்சு நிமிசத்திலை மனம் 'காணும், போதும்' எண்டு சொல்லும். செபத்தை அரைவாசியிலை விட்டிட்டு எழும்ப மனம் வராது."

அவர் குறடு கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதலில் பச்சைத்தண்ணீர்; சுடுதண்ணீர் பட்டால் இரத்தம் மூட்டுக்குள் அவிந்து ஒட்டிக்கொள்ளும் என்பார். பிறகு சவர்க்காரம் போட்டு, தென்னந்தும்பைச் சிறு தூரிகையாகக் கட்டிக் குறட்டின் மூட்டைத் திறந்து மூடித் தேய்ப்பார். அதன் பிறகுதான் பெட்டி. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதனால் அவிந்த குறடு வெள்ளை பூத்துப்போய் வெளியே வரும். சனங்களுக்கு அது பிடிக்காது. சந்தையில் சாக்கை விரித்துக்கொண்டு பல் பிடுங்குகிற ஒருவர் இருந்தார்; அவருடைய குறடு எண்ணெய் பூசிப் பளபளக்கும்.

"அக்கா, உங்கடை குறடு ஊத்தையாக் கிடக்கு. சந்தையிலை அவற்றை குறடு என்ன மினுக்கம்!" என்றார் வரிசையில் நின்ற ஒரு மனிதர்.

"ஓம். நேற்றைக்கு வந்தவன்ரை துப்பலிலை மினுங்குது. நீங்கள் போய் உங்கடையையும் கொஞ்சம் பூசிவிட்டு வாங்கோ."

அந்த மனிதர் போகவில்லை.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் ஒரேயொரு முறைதான் காரணம் சொன்னார். கடற்கரையில், அவருடைய தமக்கை வீட்டில் ஆறு பேருக்கு ஒரே தண்ணீர்க் குவளை. தமக்கையின் கணவருக்குக் கசம், அதாவது சயரோகம், வந்தது. பிறகு தமக்கைக்கு. பிறகு இரண்டு பிள்ளைகளுக்கு. "குவளை மட்டும் மிச்சம்" என்றார். குவளையால்தான் பரவியது என்று எந்த டாக்குத்தரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருமினாலே போதுமாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை அது முடிந்த தீர்ப்பு. ஒரு வாயில் இருந்தது இன்னொரு வாய்க்குப் போகக்கூடாது. உலகத்தில் அவர் கவனித்தது அந்த ஒரு பாதையைத்தான்.

இப்படியெல்லாம் அவரை அறிந்துகொள்ளும் முன்பே நான் அவரைப் பற்றி எழுதிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறதாம் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பல் அறையைக் கடக்கும்போது வாசலருகே கழிவுநீர்க் கானைப் பார்த்துக் குனிந்தபடி ஒருவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை சேறு காய்ந்த கால்கள். வயல் கூலி வேலை செய்பவர் என்று பார்த்ததும் தெரிந்தது. அவருடைய கையில் தேங்காய்ச் சிரட்டை.

அந்தக் காலத்துத் தேத்தண்ணிக் கடைகளை அறியாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். கடையில் சிலருக்குப் பேணி என்ற உலோகக் குவளையில் தேத்தண்ணி வரும். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களுக்குச் சிரட்டையில் வரும். அவர்கள் வெளியே நின்று குடிக்கவேண்டும். யாருக்கு எது என்று கடைக்காரர் கேட்பதில்லை. அவருக்குத் தெரியும். இதற்கு எதிராகச் சட்டம் வந்திருந்தது. கடைகளுக்குள் இன்னும் வரவில்லை. எங்கள் பத்திரிகை அதைப் பற்றி அடிக்கடி எழுதும். நானும் எழுதியிருக்கிறேன்.

கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். இரும்புக் கதிரைக்குப் பக்கத்து மேசையில் சுத்தமான கண்ணாடிக் கிளாஸ் ஒன்று, முக்கால்வாசி நிறைந்து நின்றது. கதிரையில் சால்வை போட்ட ஒருவர் சாய்ந்திருந்தார். எனக்கு அது போதுமாயிருந்தது. உள்ளே இருப்பவருக்குக் கிளாஸ், வெளியே நிற்பவருக்குச் சிரட்டை. கூரையை மறந்தேன். அன்று பின்னேரத் தபாலில் நாலு வரி போயிற்று. "அரசாங்க ஆஸ்பத்திரியில் சிரட்டை" என்ற தலைப்பில் மூன்றாம் பக்கத்தில் வந்தது. பெயர்களைக் கேட்டுத்தான் எழுதவேண்டும் என்று எனக்குப் பழக்கப்படுத்தியிருந்தார்கள். கிளாஸில் இருந்தது என்ன என்று கேட்கும்படி எவரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த முறை டாக்குத்தர் வந்த அன்று என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் போனபோது வரிசை முடிந்திருந்தது. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானே அந்தப் பேப்பர்காரன்?"

"ஓம்."

"வாரும். தாகமாயிருக்கும். இதைக் குடியும்." மேசையில் அதே கண்ணாடிக் கிளாஸ். நான் கையை நீட்டினேன்.

அடுப்படியில் நின்ற அற்றென்டன்ற் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "குடிச்சிடாதேங்கோ தம்பி. அது ஸ்பிரிட். அடியிலை ஊசி கிடக்கு. குடிச்சால் நீங்கள் பேப்பருக்கு எழுதமாட்டியள். பேப்பர்தான் உங்களைப் பற்றி எழுதும்."

டாக்குத்தர் சிரிக்கவில்லை. "ஆறு வருசமாத் தற்காலிக வேலை. இந்த வருசந்தான் நிரந்தரமாக்கிற பட்டியலிலை இந்த மனுசியின்ரை பேர் வந்தது. இப்ப உம்முடைய நாலு வரியைப் பாத்திட்டு விசாரணைக்கு ஆள் வருகுது. சாதி பாக்கிறவா எண்டு முடிவானால் வேலையும் இல்லை, ஒண்டும் இல்லை."

சிரட்டையின் கதையை அப்போதுதான் கேட்டேன். கேட்கவேண்டிய நேரம் போன பிறகு. அறையில் முன்பு எல்லாருக்கும் ஒரு தகரக் குவளைதான் இருந்தது, சங்கிலியில் கட்டப்பட்டு. இரத்தம் வடியும் வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் கொப்பளித்தன. அவர் வேலைக்கு வந்த முதல் மாதமே சங்கிலியை அறுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் குவளையை அவிக்கப் பெட்டியில் இடமில்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் நாள்தோறும் தேங்காய் துருவுகிறார்கள், சிரட்டை குவிகிறது. அதைச் சுரண்டி, அவித்து, வெயிலில் காயவைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கொப்பளித்து முடிந்ததும் அது நேரே குசினி அடுப்புக்குள் போகும். செலவில்லை. ஒரு வாயில் பட்டது மறு வாய்க்குப் போக வழியே இல்லை.

"எல்லாருக்குமோ?" என்று கேட்டேன்.

"வாய் உள்ள எல்லாருக்கும்" என்றார்.

குடியேற்றத் திட்டத்தில் பெரிய ஆளாக மதிக்கப்பட்ட, வயல் சொந்தக்காரரான ஒரு கமக்காரர் இருந்தார். அன்று கதிரையில் சால்வையோடு சாய்ந்திருந்தவர் அவர்தான். அவருக்கும் சிரட்டைதான் நீட்டப்பட்டதாம். "பிள்ளை, ஆளைப் பாத்துத்தான் நீட்டுறீரோ?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த முறை வீட்டிலிருந்து பித்தளை மூக்குப்பேணி கொண்டுவந்தார். "நான் வாய் வைக்கமாட்டன். அண்ணாந்து ஊத்துவன். உங்கடை கிருமி ஒண்டும் படாது."

"விறைச்ச வாயாலை அண்ணாந்து ஊத்தினால் புரையேறும். பேணியைத் தாங்கோ, அவிச்சுத் தாறன். ஒரு செபமாலை பொறுத்திருக்கவேணும்."

கமக்காரர் பொறுக்கவில்லை. பேணியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்துபோனார். கன்னம் வீங்கிய கோபம். மூன்றாம் நாள் மேலிடத்துக்குப் பெட்டிசம், முறைப்பாட்டு மனு, போயிற்று.

விசாரணைக்கு வந்த அதிகாரி கழுத்துப்பட்டியும் கறுத்தக் கோட்டும் போட்டிருந்தார். வெளிநோயாளர் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். செய்தி எழுதியவன் என்று என்னையும், செய்தியில் வந்தவர் என்று அந்த வயல் தொழிலாளியையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்குத்தரும் அற்றென்டன்றும் இருந்தார்கள். தொழிலாளிக்குக் கதிரை காட்டினார்கள், அவர் உட்காரவில்லை.

நான் கண்டதைச் சொன்னேன். கிளாஸைப் பற்றியும் சொன்னேன். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, "அப்ப நீர் கேட்டறியாமல் எழுதினனீர்" என்றார். ஓம் என்றேன்.

அவர் கோப்பிலிருந்து இரண்டு கடதாசிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என்னுடைய நாலு வரி. மற்றது பெட்டிசம். அதன் அடியில் "இங்ஙனம், பொதுமக்கள்" என்று இருந்தது. எழுத்து யாருடையது என்று மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கண்ணியமான குடும்பத்தவர்களுக்கும் இந்த அற்றென்டன்ற் சிரட்டை நீட்டுகிறார், இது எங்களை அவமதிப்பது, உடனே நடவடிக்கை எடுக்கவும் என்று மூன்று பக்கம்.

"பேப்பர் சொல்லுது, குறைஞ்ச ஆக்களுக்குச் சிரட்டை எண்டு. பெட்டிசம் சொல்லுது, பெரிய ஆக்களுக்கும் சிரட்டை எண்டு." அதிகாரி தலையை நிமிர்த்தினார். "ரெண்டையும் சேத்துப் பாத்தால் என்ன வருகுது?"

"எல்லாருக்கும் சிரட்டை எண்டு வருகுது ஐயா" என்றார் அற்றென்டன்ற். "உங்களுக்குப் பல்லுக்கொதி வந்தாலும் அதுதான்."

டாக்குத்தர் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். அவரை ஒழிக்க எழுதப்பட்ட பெட்டிசமே அவரைக் காப்பாற்றிவிட்டது. என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதிகாரி முடிக்கும் பாவனையில் தொழிலாளியைப் பார்த்தார்.

"இப்ப உமக்கும் விளங்கியிருக்கும். எல்லாருக்கும் ஒண்டுதான். முறைப்பாடு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை ஐயா. பேப்பர் ஐயாவிட்டை நான் ஒண்டும் சொல்லவுமில்லை." அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். "ஆனா அண்டைக்கு அக்கா சிரட்டையை நீட்டேக்கை எனக்குப் பல்லுக்கொதி மறந்துபோச்சு."

"ஏன்?"

"எல்லாருக்கும் குடுத்தவா, சரி. கமக்காரர் இஞ்சையிருந்து வீட்டை போய்ப் பேணியிலை குடிப்பார். நான் இஞ்சையிருந்து சந்திக் கடைக்குப் போனால் அங்கையும் உதுதான். நான் என்ரை பதினாலு வயசிலையிருந்து உந்தச் சிரட்டையைத்தான் பிடிக்கிறன். கவுண்மேந்து ஆசுப்பத்திரியிலை எண்டாலும் வேறை ஒண்டு தருவினம் எண்டு நினைச்சிட்டன். அவ்வளவுதான் ஐயா. அக்காவிலை கோபமில்லை."

நான் அற்றென்டன்றைப் பார்த்தேன். பல் அறையில் வாயைத் தவிர எதையும் பார்க்காத அந்தக் கண்கள் அப்போது தொழிலாளியின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. வாயில் அல்ல.

அதிகாரி கோப்பைக் கட்டத் தொடங்கினார். "அது ஊர்ப் பிரச்சினை. இந்த விசாரணைக்குள்ளை வராது. குற்றமில்லை எண்டு எழுதிறன்."

"பொறுங்கோ ஐயா" என்றார் அற்றென்டன்ற். "அப்பிடி எழுதாதேங்கோ."

"என்ன?"

"பேப்பரிலை வந்தது பிழைதான். ஆனா குற்றமில்லை எண்டு எழுதாதேங்கோ. நான் வாயை மட்டும் பாத்தன். ஆளைப் பாக்கேல்லை. சிரட்டை எண்டால் இஞ்சை என்னெண்டு எனக்குத் தெரியாதே? தெரியும். அவிச்சால் எல்லாம் போயிடும் எண்டு நினைச்சிட்டன்."

டாக்குத்தர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "இஞ்சை பாரும், விசர்க்கதை கதையாதேயும். பட்டியலிலை பேர் இருக்கு."

"தெரியும் ஐயா."

"இதை எழுதினால் நிரந்தரமாக்கிறது நிண்டுபோம்" என்று அதிகாரியும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "நான் எழுதாமல் விடலாம்."

"இவர் சொன்னதை எழுதுவியளோ?" அவர் தொழிலாளியைக் காட்டினார். "இவர் சொன்னதை எழுதினால் என்ரை பிழையையும் எழுதத்தான் வேணும். அதை விட்டிட்டு இதை எழுத ஏலாதே."

அதிகாரி எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இவர் தொழிலாளியின் பக்கம் திரும்பிவிட்டார். விசாரணை இனித் தன்னுடையதல்ல என்பதுபோல.

"அண்ணை, அப்ப என்னத்திலை தரலாம்? ஒருதரம் பாவிச்சிட்டு எரிக்கக்கூடியதா இருக்கவேணும். காசும் இல்லை."

தொழிலாளி யோசித்தார். "கூழ் குடிக்கிற பிளா கூடாதோ?"

பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டினால் பிளா. கையளவு கிண்ணம். கூழ் காய்ச்சினால் எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் அதில்தான் குடிப்பார்கள், குடித்ததும் எறிந்துவிடுவார்கள்.

"கமக்காரர் வீட்டிலையும் கூழுக்குப் பிளாதானே?" என்றார் அற்றென்டன்ற்.

"ஓம். நான்தான் மடிச்சுக் குடுக்கிறனான்."

"கள்ளுக்கும் அதுதான்" என்றார் டாக்குத்தர் சலிப்போடு. "இனிப் பல்லுப் புடுங்க நிக்கிற வரிசை கள்ளுத் தவறணை வரைக்கும் போகும்."

டாக்குத்தர் அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை கொதிதண்ணீரில் முக்கி எடுத்த பிளாக்கள் பல் அறை வாசலில் அடுக்கியிருந்தன. கமக்காரர் வந்தார். பிளாவைப் பார்த்தார். வாங்கிக் கொப்பளித்தார். அதுதான் அந்த அறையில் அற்றென்டன்ற் வேலை செய்த கடைசி நாள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. மறுநாள் கடிதம் வந்தது. எச்சரிக்கை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம், செட்டிகுளப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு உடன் இடமாற்றம். இங்கே பல் அறைக்குப் புதிய எனாமல் கோப்பைகள் இரண்டு அனுப்பப்படும் என்றும் அதே கடிதத்தில் இருந்தது.

நான் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் பகுதியிலிருந்து பதில் வந்தது: விசாரணையில் தவறு நடந்ததாகத்தான் பதியப்பட்டிருக்கிறது, ஆகவே எமது செய்தி சரியானது, திருத்தம் தேவையில்லை. நான் கேட்காமல் எழுதிய ஒன்றை அவருடைய நேர்மை உண்மையாக்கிவிட்டது. என்னுடைய தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று.

அற்றென்டன்ற் புறப்பட்ட நாள் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய். அங்கே பல் அறை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லையாம். நோயாளர் வாட்டு வேலை."

"உங்களைப் பற்றி முழுவதும் எழுதப்போறன். பேரோடை."

"என்னைப் பற்றி என்னத்துக்கு? முதல் எழுதினது காணாதே?" என்றார், சிரித்துக்கொண்டு. "எழுதிறதெண்டால் இதை எழுதுங்கோ: பல்லுப் புடுங்க வாறவை வரேக்கை ஆளுக்கொரு பிளா மடிச்சுக்கொண்டு வரட்டும் எண்டு. நான் இல்லாட்டி ஒருத்தரும் மடிச்சு வைக்கமாட்டினம். பேர் ஒண்டும் போடாதேங்கோ. போட்டால் சனம் பேரைத்தான் வாசிக்கும்."

பஸ் வந்தது. ஏறியபின் யன்னலால் தலையை நீட்டி, "இடது பக்கம் மேலை ஒரு சூத்தைப்பல்லு இருக்கு தம்பி. கெதியாப் பாருங்கோ" என்றார். என்னுடைய பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்று வரி அறிவித்தலாக எழுதி அனுப்பினேன். சந்தை விலைகளுக்குக் கீழே வந்தது.

டாக்குத்தர் வரும் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை வழமைபோல வெளி வாசல்வரை நின்றது. பத்திரிகை வாசித்தவர்கள் சிலர். வாசிக்கக் கேட்டவர்கள் பலர். அநேகமாக எல்லாருடைய கையிலும் பச்சை ஓலையில் மடித்த பிளா. அந்த வயல் தொழிலாளியும் நின்றார், மறு கன்னம் வீங்கியிருந்தது.

புதிதாக வந்திருந்த அற்றென்டன்ற் இளைஞர், பிற ஊர்க்காரர். கதவைத் திறந்து வரிசையைப் பார்த்துத் திகைத்துப்போனார். "இதென்ன, இண்டைக்கு இஞ்சை கூழ் ஊத்துறதெண்டு ஆர் சொன்னது?" வரிசை சிரித்தது. "ஓலையெல்லாம் வெளியிலை எறியுங்கோ. இப்ப நல்ல கோப்பை வந்திட்டுது."

கோப்பை உண்மையிலேயே நல்ல கோப்பை. வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு. முதல் ஆள் கொப்பளித்தார். இளைஞர் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு இரண்டாம் ஆளுக்குக் கொடுத்தார். இரண்டாம் ஆள் கமக்காரரின் மைத்துனர். அவருடைய ஓலையும் வாசலில் கிடந்தது.

மூன்றாவது அந்தத் தொழிலாளி. பல் கழன்று வந்துவிட்டது. வாய் நிறைய இரத்தத்தோடு நிமிர்ந்தபோது இளைஞர் கோப்பையைத் துடைத்து, தண்ணீர் வார்த்து, அவருக்கு நீட்டினார். ஆள் யார், எந்தப் பகுதி என்று அந்த இளைஞருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நீட்டியதுபோல நீட்டினார். கமக்காரரின் மைத்துனர் வாய் வைத்த கோப்பை. அந்த ஊரில் அப்படி ஒரு கோப்பை அந்த மனிதருக்கு அதுவரை எவராலும் நீட்டப்பட்டதில்லை.

அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். நீலக் கோட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வாயில் இருந்ததை மெல்லக் கானில் துப்பிவிட்டு, கோப்பையைத் திருப்பி நீட்டினார்.

"இதை ஒருக்கா அவிச்சுத் தாங்கோ ஐயா" என்றார். "நான் பொறுத்திருக்கிறன்."